உப்பளத்தில் ஒரு சர்க்கரை பாட்டில்

முதலில் கேசரி கொடுத்தார்கள். பிறகுதான் உடம்பில் சர்க்கரை இருக்கிறதா என்று விரலில் குத்திப் பார்த்தார்கள்.

கேட்டால் சிரிப்புதான் வரும். அன்றைக்கு நானும் சிரித்தேன். அந்தக் கேசரி மூன்றே வாரத்தில் என் வீட்டுக்காரரை வரப்பின்மேல் குப்புறத் தள்ளும் என்று தெரிந்திருந்தால் சட்டியோடு தூக்கி வெளியே வீசியிருப்பேன்.

உப்பளத் தொழிலாளர்களுக்கென்று மரக்காணத்தில் நடத்திய இலவச மருத்துவ முகாம் அது. முந்தின நாள் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து, எல்லோரும் வெறும் வயிற்றில் வரவேண்டும் என்று தெருத்தெருவாகக் கத்திவிட்டுப் போனார்கள். நாங்களும் வெறும் வயிற்றில் போனோம். ஏழு மணிக்குப் போய் ஹாலில் உட்கார்ந்தோம். தலைமை தாங்க வேண்டிய பெரிய மனிதர் பதினோரு மணி வரை வரவில்லை. அதுவரை கூட்டம் கலைந்து போய்விடக் கூடாதே என்று தட்டுத் தட்டாகக் கேசரி வந்தது. கூடவே சர்க்கரை போட்ட டீ. என் வீட்டுக்காரர் இரண்டு தட்டு சாப்பிட்டார். பெரிய மனிதர் வந்தார். மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், அதன்பிறகு ஊசியைக் கையில் எடுத்தார்கள். அன்று அந்த ஹாலில் சர்க்கரை ஏறாத ஆள் கேசரி கிண்டிய சமையல்காரர் ஒருவராகத்தான் இருக்கும். அவர் டெஸ்ட் எடுத்துக்கொள்ளவில்லை.

ஊசிக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் வந்து பேசினாள். கல்லூரியில் படித்துவிட்டு வந்தவள். நல்ல மனசுக்காரி, குறை சொல்ல மாட்டேன். சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தாள். வட்டமாக ஒன்று, அதற்குள்ளே கொழுக்கட்டை கொழுக்கட்டையாகச் சில. அதுதான் செல்லாம். நம் உடம்பே கோடிக்கணக்கான செல்களால் ஆனதாம். கொழுக்கட்டையைக் குச்சியால் தட்டி, "இதுதான் மைட்டோகாண்ட்ரியா. செல்லுக்கு பவர் ஹவுஸ். நீங்க சாப்பிடுற சாப்பாட்டுலேர்ந்து எனர்ஜி தயாராகுறது இங்கதான்" என்றாள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் ஓரகத்தி. வீட்டுக்காரருடைய தம்பி மனைவி. நாங்கள் மூன்று பேரும் ஒரே அளத்தில்தான் வேலை செய்கிறோம். அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"பவர் ஹவுஸுன்னா நம்ம ஊருல கரண்ட்ட நிறுத்துற எடமாச்சே. அப்போ உடம்புக்குள்ளயும் திடீர்னு கரண்ட் போவுமா?" என்றாள்.

ஹாலே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள். அந்தக் கேள்விக்கு மட்டும் அவள் நின்று பதில் சொல்லியிருக்கலாம்.

பிறகு அவள் சொன்னது, நாம் தின்பதில் உடனே செலவாகாத சர்க்கரையை உடம்பு கல்லீரலிலும் தசையிலும் கொஞ்சம் சேமித்து வைக்குமாம். அதற்கும் மேலே மிஞ்சுவது கொழுப்பாகப் போய்ப் படிந்துவிடுமாம். "நீங்க எல்லாரும் எனர்ஜிய சேத்து வெக்கிறீங்க, செலவு பண்றதில்ல. அதான் பிரச்சினை. தினமும் முக்கால் மணி நேரம் கைய வீசி நடக்கணும்" என்றாள். விடிவதற்கு முன்னால் பாத்தியில் இறங்கி மத்தியானம் வரைக்கும் நடக்கிற ஐம்பது அறுபது பேரைப் பார்த்து இதைச் சொன்னாள்.

"தலையில உப்புக் கூடை இருக்கும்மா. கைய எப்படி வீசுறது?" என்று கேட்டாள் ஓரகத்தி.

"உப்பையும் கொறைச்சுக்கணும்" என்றாள் அந்தப் பெண். அவளுக்குக் கேள்வி சரியாகக் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன்.

டாக்டர் மேஜைக்குப் போனோம். என் வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே சர்க்கரை உண்டு. காலையில் அரை மாத்திரை போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். டாக்டர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சீட்டில் இருந்த நம்பரைப் பார்த்தார்.

"முந்நூறைத் தாண்டியிருக்கு. இனிமே முழு மாத்திரை. காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி. ராத்திரி சோறு கூடாது. இனிப்பக் கண்ணால கூட பாக்கக் கூடாது, புரியுதா?"

"கேசரி கூடவாங்க டாக்டர்?"

"கேசரி பக்கமே போகக் கூடாது."

"இப்பத்தாங்க வெளிய ரெண்டு தட்டு குடுத்தாங்க."

"நெக்ஸ்ட்" என்றார் டாக்டர்.

காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை. எட்டு மணிக்கு டேபிளில் உட்கார்ந்து இட்லி தின்கிறவர்களுக்கு எழுதுகிற சீட்டை எங்களுக்கும் எழுதிவிட்டார். நாங்களும் வாயைத் திறந்து சொல்லவில்லை. டாக்டரிடம் எதிர்க்கேள்வி கேட்டு எங்களுக்குப் பழக்கமில்லை. மேஸ்திரியிடம் கத்துவேன், முதலாளியிடம்கூட இரண்டு தடவை கத்தியிருக்கிறேன். வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் மட்டும் வாய் ஒட்டிக்கொள்கிறது.

எங்கள் வேலை எப்படி என்று இங்கே சொல்லிவிட வேண்டும். எங்களுக்குச் சொந்தப் பாத்தி கிடையாது. என் வீட்டுக்காரர் நீளக் கழியில் பலகை கட்டி, பாத்தியில் விளைந்த உப்பை வாரி வரப்போரம் சேர்ப்பார். நானும் ஓரகத்தியும் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்துபோய் மேட்டில் கொட்டுவோம். அப்படிக் கொட்டிக் குவித்த குவியலுக்கு அம்பாரம் என்று பெயர். அன்றைய முதல் அம்பாரம் ஏறி முடிகிற வரைக்கும் எங்கள் அளத்து ஆட்கள் யாரும், வீட்டிலானாலும் சரி, வாயில் சோறு வைக்க மாட்டோம். எச்சில் வாயோடு பாத்தியில் இறங்கினால் உப்பு கோபித்துக்கொண்டு சேறாகிவிடுமாம். யார் ஆரம்பித்த வழக்கமோ தெரியாது. முதலாளி பத்து மணிக்குக் காரில் வருவார், வரும்போதே பல்லில் பூரிக்கிழங்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் வந்து நின்றால் உப்பு ஒன்றும் சொல்லாது. எங்கள் எச்சில்தான் அதற்கு ஆகாது.

ஆகவே என் வீட்டுக்காரர் நாலு மணிக்கு வீட்டிலேயே மாத்திரையை விழுங்கிவிட்டுக் கிளம்புவார். பாத்திக்குக் கொண்டுபோனால் உப்புத் தண்ணீர் பட்டு மாத்திரை ஊறிப்போகும், வைக்க ஓர் இடமும் கிடையாது. சாப்பாடு ஒன்பது மணிக்கு. நடுவில் ஐந்து மணி நேரம், அதுவும் பலகையைப் பிடித்து இழுக்கிற வேலை.

முகாம் முடிந்த அன்றைக்கே நான் போலீஸ்காரி ஆகிவிட்டேன். சர்க்கரை டப்பாவை எடுத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்தேன். ராத்திரி சோற்றை நிறுத்தி இரண்டு சப்பாத்தி வைத்தேன். மூன்றாவது கேட்டால் முறைத்தேன். அளத்துக்கு டி.வி.எஸ். வண்டியில் கேன் கட்டிக்கொண்டு டீ விற்க வரும் பாயிடம் போய்ச் சொன்னேன்.

"பாய், எங்க வூட்டுக்காரருக்கு இனிமே சர்க்கரை போட்ட டீ குடுத்தீங்க, அப்புறம் நடக்கறதே வேற."

"எனக்கு என்னாம்மா, வெறும் டீத்தண்ணி குடுக்கறேன். ஆனா வேளைக்குத் துன்ன சொல்லு அவர" என்றார் பாய். அந்தப் பின்பாதி என் காதில் ஏறவில்லை.

அளத்தில் இருக்கிற அத்தனை பேரிடமும் சொல்லி வைத்தேன். மிட்டாய் கொடுக்காதே, வாழைப்பழம் கொடுக்காதே, திருவிழா லட்டு கொடுக்காதே. பத்துப் பேர் கண்ணும் அவர் வாய்மேலேயே இருந்தது. ஒரு நாள் யார் வீட்டுக் குழந்தைக்கோ பிறந்தநாள் என்று சாக்லேட் கொடுத்தார்கள். அவர் உறையைப் பிரிப்பதற்குள் மூன்று பேர் ஓடிவந்து பிடுங்கினார்கள்.

"என்னாடி இது, ஜெயில்ல கூட ஞாயித்துக்கெழம கறி போடுறாங்களாம்" என்றார்.

"ஜெயிலுக்கே போய்க்கோ. அங்க எவ ஒனக்குக் காலு கழுவுறான்னு பாக்கறேன்" என்றேன். சர்க்கரை வந்தவன் காலில் புண் வந்தால் ஆறாது, காலை எடுத்துவிடுவார்கள் என்று எனக்குப் பயம். பயத்தை நான் கோபமாகத்தான் காட்டுவேன். வேறு விதமாகக் காட்டத் தெரியாது.

ஒரு வாரத்தில் அவர் மாறினார். ஏழு ஏழரை மணி ஆனால் கை நடுங்கும். ஒன்றுமில்லாத விஷயத்துக்குக் கத்துவார். ஒரு நாள் வாரின பாத்தியையே திரும்ப வாரிக்கொண்டிருந்தார். "அதான் வாரியாச்சே" என்றால், "எனக்குத் தெரியாதா, போடி" என்று பலகையை ஓங்கினார். மேஸ்திரி பார்த்துவிட்டு, "ஏம்மா, காலைலயே ஊத்திக்கினு வர்றானா? இப்படியே போனா ஆள மாத்திடுவேன், சொல்லிட்டேன்" என்றான். எனக்கும் அந்தச் சந்தேகம்தான். அவர் வாயை மோந்து பார்த்தேன். சாராய வாடை இல்லை. இருந்தாலும் திட்டினேன். சாப்பிட்டதும் ஆள் பழையபடி ஆகிவிடுவார். நாங்கள் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

அது சித்திரை மாதம். உப்பு நன்றாக விளைகிற நேரம். அன்று விடிகாலையில் கடல் பக்கம் கருமேகம் கட்டியது. ஒரு மழை அடித்தால் பாத்தியில் கிடக்கிற அத்தனையும் கரைந்து போய்விடும். இரண்டு ஆட்கள் கிளியனூரில் கல்யாணம் என்று போய்விட்டார்கள். அவர்கள் பாத்தியையும் சேர்த்து என் வீட்டுக்காரர் வாரினார். மேஸ்திரி வரப்பில் நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்திக்கொண்டே இருந்தான். ஒன்பது மணியாகியும் முதல் அம்பாரம் பாதிகூட ஏறவில்லை. சோற்றுத் தூக்கு எங்கள் கண்ணெதிரேதான் இருந்தது. மேட்டில், துணி கட்டி, கல் வைத்து. யாரும் தொடவில்லை.

நான் கூடையைக் கொட்டிவிட்டுத் திரும்பியபோது அவர் பலகையை விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார். எங்கோ பார்த்தார். "ஏய்யா" என்றேன். என்னைப் பார்த்த பார்வையில் நான் யார் என்பதே இல்லை. இரண்டு எட்டு வைத்தார், வரப்பின்மேல் குப்புற விழுந்தார்.

எங்கள் அளத்தில் யார் மயங்கி விழுந்தாலும் ஒரே வைத்தியம்தான். நாலு கல் உப்பை எடுத்து வாயில் போட்டு, எலுமிச்சை பிழிந்த தண்ணீர் விடுவோம். வெயிலில் வேர்த்து வேர்த்து உப்பு வெளியே போய்விடுகிறதல்லவா, அதற்கு அது கேட்கும். எத்தனையோ பேர் எழுந்து உட்கார்ந்து, வாயைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். அதனால் யாரும் ஒரு நிமிஷம் நின்று யோசிக்கவில்லை. ஆளுக்கொரு பிடி உப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். உப்புக்கா எங்களுக்குப் பஞ்சம்?

நான்தான் முதல் கல்லைப் போட்டேன். அவர் தலையை மடியில் வைத்து, வாயைப் பிரித்து, நாக்குக்கு அடியில் வைத்தேன். ஓரகத்தி தண்ணீர் விட்டாள். தண்ணீர் உள்ளே போகாமல் கடைவாய் வழியே வழிந்தது. அவர் உடம்பெல்லாம் வேர்வை. ஆனால் ஈரத்துணியைத் தொட்ட மாதிரி சில்லென்று இருந்தது. வெயில் மயக்கத்தில் உடம்பு கொதிக்கும். அந்தச் சில்லிப்பை இந்தக் கையால்தான் தொட்டேன். தொட்டும் எனக்கு உறைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் உப்பு போட்டேன்.

"நான்தான் சொன்னேனே, தண்ணி போட்டிருக்கான்" என்றான் மேஸ்திரி. "ஓரமா தூக்கிப் போடுங்க. மழ வருது, மத்தவங்க வேலையப் பாருங்க."

"ஒன் வாயில மண்ணு வுழ" என்றேன். அதற்குள் அவருடைய கை இழுக்க ஆரம்பித்தது.

அப்போதுதான் பாய் வண்டி வந்தது. வண்டியை ஸ்டாண்ட் போடாமலே கீழே சாய்த்துவிட்டு ஓடிவந்தார். கேனிலிருந்து டீ கொட்டி உப்பில் ஓடியது. என் வீட்டுக்காரர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், கண் இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"துன்னாரா?"

"இல்ல பாய், இன்னும் அம்பாரம் ஏறல."

"மாத்திரை?"

"நாலு மணிக்கே போட்டுட்டாரு."

"யா அல்லா" என்று எழுந்து ஓடினார். வண்டிப் பையிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். அள்ளி அவர் வாய்க்குக் கொண்டுபோனார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். சர்க்கரை வரப்பெல்லாம் சிதறியது. உப்போடு கலந்து எது எதுவென்றே தெரியவில்லை.

"இன்னா பாய் பண்றீங்க? சர்க்கரக்காரருக்குப் போய் சர்க்கரையா? கொல்லப் பாக்கறீங்களா?"

சுற்றி நின்றவர்களும் கத்தினார்கள். ஒருத்தன் பாயின் தோளைப் பிடித்து இழுத்தான். மூன்று வாரமாக நான் சொல்லிக்கொடுத்த பாடம், எல்லோரும் நன்றாகப் படித்திருந்தார்கள்.

பாய் எப்போதும் அதிர்ந்து பேச மாட்டார். அன்று கத்தினார். "ஏ பொம்பள! அவன் ஒடம்புல சர்க்கரை ஏறிப் படுக்கல, எறங்கிப் படுத்திருக்கான்! எங்கம்மா இதே மாத்திரை போடுது. நோம்பு நேரத்துல விடியறதுக்கு முன்னாடி சஹர் சாப்பாட்ட சரியா துன்னாம மாத்திரைய மட்டும் போட்டுக்கினு இதே மாதிரி சில்லுனு கெடந்துது. நானே ரெண்டு தடவ பாத்திருக்கேன். ஏறினா நாள் கெடக்குது, எறக்கலாம். எறங்கினா நிமிசந்தான் இருக்குது. நவுரு!"

நான் நகரவில்லை. ஓரகத்திதான் என் தோளைப் பிடித்து நகர்த்தினாள். "போட்டுத்தான் பாக்கட்டும்க்கா, உப்புதான் கேக்கலியே" என்றாள். அவளுடைய அந்த ஒரு வார்த்தைதான் என்னை விலக வைத்தது.

பாய் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். விரலை விட்டு வாயிலிருந்த உப்பையெல்லாம் வழித்து வெளியே போட்டார். "மயங்கினவன் வாயில தண்ணி ஊத்தாத, மூச்சுல போயிடும்" என்று ஓரகத்தி கையிலிருந்த சொம்பைத் தள்ளினார். டப்பாவில் மிச்சமிருந்த சர்க்கரையை ஈர விரலில் தொட்டுத் தொட்டு, கன்னத்துக்கு உள்பக்கமும் ஈறிலும் தேய்த்தார். மறுபடியும் தேய்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மழை மேகம் கலைந்து வெயில் வந்தது மட்டும் நினைவிருக்கிறது. எந்த மழைக்குப் பயந்து சோற்றைத் தொடாமல் இருந்தோமோ அந்த மழை அன்று வரவேயில்லை.

அவர் கண் திறந்தது. நாக்கைச் சுழற்றினார். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எவன்டா டீல உப்ப போட்டது?" என்றார்.

அங்கே யாருக்கும் சிரிப்பு வரவில்லை. நான் மட்டும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. பாய் கேனில் மிச்சமிருந்த டீயில் நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டு அவர் கையில் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், தடுக்கவில்லை.

உப்பு ஏற்ற வந்த குட்டி யானை வண்டியில் அவரைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள். அங்கே ஒரு நர்ஸ். பெரிய உடம்பு, சலித்த முகம், நாலு ஆள் வேலையை ஒருத்தி செய்துகொண்டிருந்தாள். வெள்ளைக் கோட்டிடம் வராத வாய் அவளிடம் வந்தது.

"சிஸ்டர், ஒரு வெவரம் சொல்லுங்க. மூணு வாரம் முன்னாடி ஒடம்பு பூரா சர்க்கரைன்னாங்க. இன்னிக்கு சர்க்கரையே இல்லன்றீங்க. எங்க போச்சு?"

"அந்த மாத்திரை இன்சுலினைச் சுரக்க வெக்கும். இன்சுலின் இருந்தாத்தான் ரத்தத்துல இருக்குற சர்க்கரை தசைக்குள்ள போவும். நீங்க துன்னீங்களா, வேல செஞ்சீங்களான்னு அதுக்குத் தெரியாது. போட்டா அது பாட்டுக்குத் தள்ளிக்கினே இருக்கும்."

"அதான் லிவர்ல ஸ்டாக் இருக்குமுன்னு படம் போட்டுக் காட்டினாங்களே?"

"இருக்கும். ராத்திரி பூரா நீங்க தூங்குறப்போ அதுதான் ஒடம்ப ஓட்டுது. நேத்து ராத்திரி இன்னா துன்னாரு?"

"ரெண்டு சப்பாத்தி" என்றேன். சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது.

"அப்போ ஸ்டாக்கே கம்மி. அந்தக் கொஞ்சத்தையும் வெளிய வுடாதேன்னு இன்சுலின் பூட்டி வெச்சிடுது."

"தசையில இருக்குறது?"

"அது தசைக்கு மட்டுந்தான். ரத்தத்துக்குத் திருப்பித் தராது."

"சரி, அவருக்குத் தொப்பை இருக்குதே சிஸ்டர். பத்து வருசமா சேத்து வெச்சிருக்காரு. அத எடுத்துச் செலவு பண்ணக் கூடாதா?"

நர்ஸ் முதல் தடவையாகச் சிரித்தாள். "மூளைக்கு வேணுங்கறது சர்க்கரை. கொழுப்பச் சர்க்கரையா மாத்த ஒடம்புக்கு வராதும்மா. மாத்திரை வேல செய்யுற நேரத்துல அந்தக் கொழுப்பும் வெளிய வராது, அதுக்கும் பூட்டுத்தான். மூளைக்குன்னு சொந்தமா ஸ்டாக்கு கெடையாது. வர்றத வெச்சுத்தான் ஓடணும். செல்லுக்குள்ள வேல நடக்குறதுக்கு ஏ.டி.பி.ன்னு ஒண்ணு தேவ. அத மூட்ட கட்டி வெக்க முடியாது. மூச்சு மாதிரி, அப்பப்போ செஞ்சு அப்பப்போ செலவாயிடும். சர்க்கரை வரலன்னா அதுவும் நிக்கும். அது நின்னா ஆளும் வுழுவாரு."

அன்றைக்கு எனக்கு எல்லாம் புரிந்துபோனது. உடம்பும் எங்கள் அளம் மாதிரியேதான் நடக்கிறது. மேட்டில் மலை மாதிரி அம்பாரம், அதற்குக் கீற்று போட்டு மூடி காவல். அதுதான் தொப்பை. கையில் இருப்பதை எவனுக்கும் தராத பலசாலி, அது தசை. எல்லாவற்றையும் யோசிக்கிற, எல்லோரையும் நடத்துகிற மூளை மட்டும் எங்களைப் போல அன்றாடங்காய்ச்சி. ஒரு வேளை தவறினால் விழுந்துவிடும். முகாமில் அந்தப் பெண் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. கிடங்கு இருக்கிறது என்று சொன்னாள், சாவி யாரிடம் இருக்கிறது என்று சொல்லவில்லை. கரண்ட் போகுமா என்று ஓரகத்தி கேட்டாளே, போகும். எங்கள் வீட்டில் போனது.

அங்கிருந்த டாக்டர் மாத்திரையை மறுபடி அரையாக்கினார். தட்டில் சோறு போட்ட பிறகுதான் மாத்திரையைத் தொடவேண்டும், வேலைக்கு இறங்குவதற்கு முன்னால் கட்டாயம் சாப்பிட வேண்டும் என்றார். சாப்பிடாமல் இருந்து மாத்திரை போட்டு வேலை செய்தால் அடுத்த தடவை எழுந்திருப்பார் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். அதை அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

பத்து நாள் கழித்து அவர் மறுபடி வேலைக்குப் போனார். முதல் நாளே நான் வரப்பில் உட்கார வைத்துத் தூக்கைத் திறந்தேன். கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் அம்மணமாக நிற்கிறவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

"டேய், எச்சி வாயோட பாத்தியில எறங்காதடா" என்றான் மேஸ்திரி. "உப்பு சேறாயிடும்."

"மொதலாளி பூரி துன்னுட்டு வர்றாரே, அப்போ ஆவாத சேறா?"

"அவரு பாத்தியில எறங்கறாரா? வரப்புலதான நிக்கிறாரு?"

"அப்போ எங்க ஆளயும் வரப்புல நிக்க வெச்சு நீ எறங்கி வாரு" என்றேன்.

 என் வீட்டுக்காரர் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு வாயில் போடத் தயங்கினார். சாவைத் தொட்டுவிட்டு வந்த மனிதன், ஊர் என்ன சொல்லுமோ என்று சோற்றுக்குத் தயங்குகிறார். நான் ஒரு உருண்டை எடுத்து என் வாயில் போட்டு மென்றேன். எல்லோரும் பார்க்கும்படி மென்றேன். பிறகு அவர் தின்றார். பாத்தியில் இறங்கினார். உப்பு உப்பாகவே இருந்தது.

இப்போது பாதிப் பேர் தின்றுவிட்டுத்தான் இறங்குகிறார்கள். மீதிப் பாதி இன்னும் என்னைத் திட்டுகிறார்கள். எந்த நாளில் விளைச்சல் குறைந்தாலும் அது என் எச்சிலால்தான்.

முகாம் அடுத்த வருஷமும் வந்தது. பேசி முடித்துவிட்டு, ஏதாவது சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார்கள். நான் எழுந்து, போன வருஷம் கேசரி கொடுத்துவிட்டு டெஸ்ட் எடுத்தீர்களே, அது எந்த ஊர் வைத்தியம் என்று கேட்டேன். மேடையில் இருந்தவர் பதறிவிட்டார்.

"இந்த வருஷம் கேசரியே இல்லம்மா. சிறுதானிய லட்டுதான்."

"இனிப்புக்கு இன்னா போட்டிருக்கீங்க?"

"வெல்லம்மா. சர்க்கரையே கெடையாது" என்றார் பெருமையாக. அதையும் ஊசிக்கு முன்னால்தான் கொடுத்தார்கள். நான் என் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவர் ஒரு லட்டை மடியில் கட்டிக்கொண்டு வந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

பாத்தி வரப்பில் நட்ட கழியில் ஒரு சிவப்பு மூடி பாட்டில் தொங்குகிறது. அதில் சர்க்கரை. "உப்பளத்துல எவளாவது சர்க்கரைய வெப்பாளா? எறும்பு வரும்" என்றான் மேஸ்திரி. "வரட்டும், அது ஒன் உப்பத் துன்னாது" என்றேன். பாட்டிலில் குறையக் குறைய பாய் கேட்காமலே கொட்டிவிட்டுப் போகிறார். அவர் கையைத் தட்டிவிட்டதற்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் எதிர்பார்த்த மாதிரித் தெரியவில்லை. என் டீயில் மட்டும் இப்போதெல்லாம் ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடுதலாக இருக்கிறது.

என் வீட்டுக்காரர் இதிலும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். வாரத்துக்கு இரண்டு தடவையாவது எட்டு மணிக்குப் பலகையைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து, "ஏண்டி, கை நடுங்குற மாதிரி இருக்குது" என்பார். கண் பாட்டில்மேல் இருக்கும். ஓரகத்தி தூரத்திலிருந்தே, "அக்கா, நடிக்கிறாரு, குடுக்காத" என்று கத்துவாள்.

நடிப்பாகவே இருக்கலாம். முக்கால்வாசி நாள் நடிப்புதான். நான் கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் மூடியைத் திறந்து ஒரு ஸ்பூன் வாயில் கொட்டுவேன். அவர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால் அதன்பிறகு திட்ட ஆரம்பிப்பேன்.